கண்மாய் மண்ணில் வரைந்த முகம்

"எனக்குப் படமா? நான் இன்னும் உசுரோடதான இருக்கேன் தம்பி!"

எங்கள் தெருவைக் கூட்டிப் பெருக்க வரும் அக்காவிடம், "உங்களை உட்கார வைத்து ஒரு படம் வரையட்டுமா?" என்று கேட்டபோது அவர் சொன்ன பதில் இது. கோபத்தில் சொல்லவில்லை, உண்மையாகவே பயந்துவிட்டார். மதுரைக்காரர்களுக்கு இந்தப் பயம் புரியும். இங்கே சுவரில் ஒருவர் முகம் பெரிதாக வந்தால் ஒன்று அவர் தலைவர், இல்லையென்றால் கண்ணீர் அஞ்சலி. கல்யாணத்துக்கும் காதுகுத்துக்கும் பிளக்ஸ் கட்டுகிறோம், அதுவும் விசேஷம் முடிந்தால் இறங்கிவிடும். பதவி இல்லை, விசேஷம் இல்லை, சாகவும் இல்லை. அப்படிப்பட்ட ஒருவர் முகத்தை எதற்காக நாள்கணக்கில் உட்கார்ந்து வரைய வேண்டும்?

அன்று என்னிடம் பதில் இல்லை. அதற்குப் பிறகு ஆறு வருஷத்தில் மதுரையிலும் சுற்றுவட்டத்திலும் 14 பேரை வரைந்திருக்கிறேன். தண்ணீரோடும் மண்ணோடும் குப்பையோடும் தினமும் புழங்குகிறவர்கள். அந்த ஆறு வருஷத்தில் கற்றதை, பட்டதை, இந்த வழியில் வர நினைக்கிற பிள்ளைகளுக்காக எழுதி வைக்கிறேன்.

நான் கை பழகியது பேனர் கடையில். 1994-இல், 16 வயதில், பத்தாம் வகுப்பு முடித்த கையோடு சிம்மக்கல் பக்கம் ஒரு ஆர்ட்ஸ் கடையில் சேர்ந்தேன். காடாத் துணியைச் சட்டத்தில் இழுத்துக் கட்டி, வஜ்ஜிரப் பசை காய்ச்சிப் பூசி, நூல் பிடித்துக் கட்டம் அடித்து, உள்ளங்கை அளவு போட்டோவைப் பத்தடி முகமாக ஏற்றுவோம். மூக்கு எந்தக் கட்டத்தில் தொடங்கி எதில் முடிகிறது என்று கண் தானாக எண்ணிக்கொள்ளும். 2003, 2004 வாக்கில் பிளக்ஸ் மிஷின் வந்தது. இரண்டே வருஷத்தில் கடையை மூடினார்கள். ஏணியில் நின்றபடியே முகத்தை முடித்து இறங்குகிற என் ஆசான் வீடுகளுக்கு பெயிண்ட் அடிக்கப் போனார். நான் ஓவியத்தில் லோயர், ஹையர் பரீட்சை எழுதி, தொழிலாசிரியர் பயிற்சியும் முடித்து, ஒரு பள்ளியில் ஓவிய வாத்தியாரானேன்.

சமூகம், சுற்றுச்சூழல் என்று மனதில் அரிப்பு வந்தபோது முதலில் நான் வரைந்தது இயற்கைக் காட்சிதான். வருஷநாட்டு மலையில் பிறந்து 258 கிலோமீட்டர் ஓடிவரும் வைகை, நகரத்துக்குள் என்ன கதிக்கு ஆளாகிறது என்று காட்ட நினைத்தேன். பாலத்துக்கு அடியில் தேங்கிய சாக்கடை, அதைத் தின்று கொழுத்த ஆகாயத்தாமரை, ஊதாப் பூக்கள். கண்காட்சியில் ஒருவர் வெகுநேரம் பார்த்துவிட்டு, "இந்தப் பச்சை அருமையா வந்திருக்கு சார், எங்க ஹாலுக்குப் பொருத்தமா இருக்கும்" என்று விலை கேட்டார். அவர் நல்ல மனிதர். படம்தான் வேறு எதையோ சொல்லிவிட்டது. வெடித்துக் கிடக்கும் கண்மாயை வரைந்தாலும் அதேதான் நடந்தது. பாளம் பாளமாக வெடித்த மண் படத்தில் கோலம் போல அழகாக விழுந்துவிடுகிறது. யாருக்கு என்ன போயிற்று என்பது அதில் இல்லை. அந்த ‘யாருக்கு’ என்பதை வரையலாம் என்று தோன்றித்தான் அக்காவிடம் போனேன்.

அவர் மாட்டேன் என்றதும் நான் செய்தது தப்பு. அவர் வேலை செய்யும்போது அரைகுறையாகத் தலையசைத்ததைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டு போனில் நாலு படம் எடுத்தேன். வீட்டுக்கு வந்து வரைந்தேன். குனிந்த முதுகு, கையில் விளக்குமாறு, கலங்கிய கண், பின்னால் மலை போல் குப்பை. நகரத்தின் குப்பை போய்ச் சேரும் வெள்ளக்கல் கிடங்கு அது. பார்த்த நண்பர்கள் எல்லோரும் "மனசை உலுக்குது" என்றார்கள். பெருமையோடு அக்காவிடம் கொண்டுபோய்க் காட்டினேன்.

ரொம்ப நேரம் பார்த்தார். "நான் அழுகலையே தம்பி" என்றார். அப்புறம், "குப்பையை அள்ளுறவளைக் குப்பைக்குள்ளயே நிக்க வச்சுட்டீகளே" என்று சொல்லிவிட்டு வண்டியைத் தள்ளிக்கொண்டு போய்விட்டார்.

அந்தப் படத்தின் மேல் அன்றைக்கே வெள்ளை அடித்தேன். அதைப் பார்த்தவர்களுக்கெல்லாம் வந்தது ‘பாவம்’ என்ற எண்ணம் மட்டுமே. பாவம் என்று சொல்லிவிட்டால் அடுத்த கேள்வி எழுவதில்லை. யார் குப்பை, ஏன் இப்படி வருகிறது, அவர் கை ஏன் அப்படி இருக்கிறது என்று யாரும் கேட்கவில்லை. இரக்கம் வரவழைப்பது மிக எளிது. கண்ணில் ஒரு துளி வெள்ளைப் புள்ளி போதும். அந்தப் புள்ளியை வைக்கும் முன் பத்து முறை யோசியுங்கள் என்று என் மாணவர்களிடம் இப்போது சொல்கிறேன்.

நாலு மாதம் கழித்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அக்காவே வந்தார். தலையில் மல்லிகைச் சரம். சேலைக்கு மேல் வேலைக்குப் போடும் ஆரஞ்சுக் கோட்டு, இஸ்திரி போட்டு மடிப்புக் கலையாமல். "இப்ப வரைங்க" என்று திண்ணையில் உட்கார்ந்தார். குப்பையும் விளக்குமாறும் இல்லை. கோட்டு வேண்டும் என்பது அவர் முடிவு. "இதப் போட்டுத்தான புள்ளைகளப் படிக்க வச்சேன்."

மூன்று தடவை உட்கார்ந்தார். இரண்டாம் தடவைதான் கையைப் பார்த்தேன். பேனரில் முகம் மார்போடு வெட்டி நிற்கும், கை வராது. அந்தப் பழக்கத்தில் கையை விட்டிருப்பேன். மடியில் கோத்து வைத்திருந்த கையில், இடது கட்டைவிரலில் குறுக்காக ஒரு தழும்பு. கேரி பேக்கில் முடிச்சுப் போட்டு வைத்திருந்த உடைந்த டியூப் லைட் கிழித்தது. இன்சுலின் ஊசி, பிளேடு, சுற்றாமல் போட்ட நாப்கின் என்று அவர் சொல்லிக்கொண்டே போனார். ஈரக் குப்பை, உலர் குப்பை, வீட்டிலிருந்து வரும் ஆபத்தான கழிவு என மூன்றாகப் பிரித்துத் தரவேண்டும், நாப்கினைச் சுற்றித்தான் தரவேண்டும் என்று 2016-இல் வந்த திடக்கழிவு மேலாண்மை விதிகளே சொல்லியிருந்தன. எங்கள் தெருவில் அதைச் செய்தவர்கள் குறைவு. நானும் செய்ததில்லை.

தழும்பைப் பெரிதாக்காமல், இருக்கிற அளவில் வரைந்தேன். முடிந்ததும் எங்கள் தெருமுனை டீக்கடையில் மாட்டினோம், அக்கா பக்கத்தில் நின்றார். எதிர்வீட்டு அம்மா ஒருவர் உற்றுப் பார்த்து, "கட்டைவிரல்ல என்னங்க கோடு?" என்று என்னிடம் கேட்டார். அக்கா பதில் சொன்னார். அந்த அம்மா ஒன்றும் பேசவில்லை. அடுத்த வாரம் அவர் வீட்டிலிருந்து உடைந்த கண்ணாடி டம்ளர் செய்தித்தாளில் சுற்றி, மேலே ‘கண்ணாடி’ என்று எழுதி வந்தது. தெருவே திருந்திவிட்டது என்று சொல்லமாட்டேன். நான் எண்ணியவரை 7 வீடுகள். ஆனால் அந்த ஏழும் ஒரு விரலைப் பார்த்து வந்தவை.

நிறத்தைப் பற்றி கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். இங்கே முகம் வரைகிற எவருக்கும் இதுதான் முதல் சமூகப் பிரச்சினை. "கொஞ்சம் கலராப் போடுங்க தம்பி" என்று அக்கா கேட்டார். பேனர் கடையில் நாங்கள் கற்றதும் அதுதான். எந்தத் தலைவராக இருந்தாலும், எந்த நடிகராக இருந்தாலும், ரோஸ் கலந்த வெளுப்பு. கறுத்த முகத்தைக் கறுப்பாக வரைய எங்களுக்குச் சொல்லித்தரவே இல்லை. வெளுப்பிலிருந்து தொடங்கி, நிழலுக்குப் பழுப்பை ஏற்றுவோம். அப்படிக் கறுத்த முகத்தை வரைந்தால் மேலே சாம்பல் பூத்தாற்போல உயிரில்லாமல் இருக்கும். டைட்டானியம் வெள்ளை செய்யும் வேலை அது.

தலைகீழாகத் தொடங்கப் பழகினேன். பர்ன்ட் சியன்னா என்ற செம்பழுப்பும் அல்ட்ராமரைன் நீலமும் கலந்தால் ஆழமான, சூடான ஒரு கருமை வரும். டியூப் கறுப்பு வேண்டியதில்லை. அதிலிருந்து வெளிச்சத்துக்கு ஏறும்போது வெள்ளைக்குப் பதில் எல்லோ ஓக்கர் என்ற மண்மஞ்சளைச் சேருங்கள். காது மடலிலும் கீழுதட்டிலும் கண்ணோரத்திலும் சிவப்பு ஒளிந்திருக்கும், தேடிப் பாருங்கள். நெற்றியிலும் கன்ன எலும்பிலும் விழும் பளபளப்பு வெள்ளை இல்லை, அது வானம். கறுத்த தோலில் வானத்தின் நீலம் நன்றாகத் தெரியும். அந்த இடத்தில் மட்டும் துளி வெள்ளையோடு துளி நீலம். அவ்வளவு போதும், முகம் எழுந்து உட்காரும்.

அக்காவுக்கு இரண்டு சின்னத் துண்டில் இரண்டு விதமாகவும் போட்டு வெயிலில் வைத்தேன். வெளுத்ததை எடுத்துத் தன் கைக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். "இது ஆரு?" என்று கீழே வைத்துவிட்டு மற்றதைக் காட்டினார். எல்லோரும் இப்படி முடிவெடுப்பதில்லை. கண்மாயில் மீன் பிடிக்கும் இளைஞர் ஒருவர் வெளுப்புதான் வேண்டும் என்று நின்றார். பெண் பார்க்கிறார்கள், வீட்டில் மாட்ட வேண்டும் என்றார். போட்டுக் கொடுத்தேன். எனக்கு அது இன்றுவரை உறுத்துகிறது. ஆனால் முகம் அவருடையது.

அடுத்து மேலூர்ப் பக்கத்துத் தாத்தா. கண்மாயின் நீர்பாய்ச்சி. வைகை அணையிலிருந்து பேரணை வழியாகப் பெரியாறு கால்வாயில் வரும் தண்ணீர் கள்ளந்திரி வரைக்கும் இரண்டு போகம் கொடுக்கும். மேலூர்ப் பகுதிக்கு ஒரு போகம்தான். அதிலும் கடைமடைக்குத் தண்ணீர் வந்து சேர்வதற்குள் ஆவணி, புரட்டாசி ஓடிவிடும். அதனால் கண்மாயில் நிற்கிற தண்ணீர் ஒவ்வொரு சாணுக்கும் கணக்கு உண்டு. எந்த மடையை எப்போது திறப்பது, யார் வயலுக்கு எத்தனை நாழிகை, மழை வலுத்தால் மிச்சத் தண்ணீரைக் கலுங்கு வழியாக எவ்வளவு வெளியே விடுவது, எல்லாம் நீர்பாய்ச்சியின் பொறுப்பு. கூலி பணமாக இல்லை. அறுவடையில் களத்து நெல்லில் ஒரு பங்கு, அதற்குச் சுதந்திரம் என்று பெயர். தாத்தாவுக்கு அப்புறம் அந்த வேலைக்கு வர ஆள் இல்லை.

அவரிடம் முதல் நாள் பென்சிலையே எடுக்கவில்லை. கரையில் கூடவே நடந்தேன். இதை ஒரு விதியாகவே வைத்திருக்கிறேன்: முதல் சந்திப்பில் வரையாதீர்கள். உட்காரச் சொன்னவுடனே எல்லோருக்கும் போட்டோ முகம் வந்துவிடும். விறைப்பு, இறுகிய வாய். இருபது நிமிஷம் பேச்சுக் கொடுத்தால் அது தானே கழன்று விழும். தாத்தா பேசும்போதெல்லாம் பார்வை மடைப் பக்கமே போயிற்று. கண்ணைச் சுற்றி இருந்த சுருக்கம் முழுக்கத் தண்ணீரின் பளபளப்பை எதிர்த்துப் பார்த்துப் பார்த்து விழுந்தது. பேனர் முகம் நேரே நம்மைப் பார்க்கும். இவரை அப்படி வைத்தால் பொய். பக்கவாட்டில், தூரத்தைப் பார்க்கிற மாதிரி வரைந்தேன்.

வெளிச்சத்தைப் பற்றி ஒரு வார்த்தை. நம் ஊர் உச்சி வெயிலில் கண் இரண்டும் கறுப்புக் குழியாகிவிடும். காலை 7 முதல் 9 வரை, மேற்குப் பார்த்த திண்ணை கிடைத்தால் அதைவிட நல்ல ஸ்டூடியோ கிடையாது. வேப்ப மர நிழல் சுகம்தான், ஆனால் இலையின் பச்சை தாடைக்கு அடியில் ஏறிக்கொள்ளும். அப்புறம், அவர் தரையில் உட்கார்ந்தால் நீங்களும் தரையில் உட்காருங்கள். நாற்காலியில் இருந்துகொண்டு வரைந்தால், நீங்கள் எவ்வளவு மரியாதை வைத்திருந்தாலும் படத்தில் அவர் சிறுத்துப் போவார். போனில் போட்டோ எடுத்துக்கொள்வதாக இருந்தால் கிட்டே போகாதீர்கள், மூக்கு வீங்கிவிடும். இரண்டு மீட்டர் தள்ளி நின்று ஜூம் செய்து எடுங்கள்.

தாத்தாவை அந்தக் கண்மாய் மண்ணிலேயே வரையலாம் என்று ஆசை வந்தது. மண்ணை வண்ணமாக்கும் வித்தையை விளாச்சேரியில் பொம்மை செய்யும் அண்ணன் ஒருவரிடம் கற்றேன். கொலு பொம்மைக்கும் பிள்ளையாருக்கும் பெயர்போன ஊர், மண்ணைப் பற்றி அவர்களைவிடத் தெரிந்தவர் யார்? மண்ணை வாளித் தண்ணீரில் கரைத்துக் கலக்க வேண்டும். மணல் கனம், சட்டென்று அடியில் போய்விடும். மேலே நிற்கும் கலங்கலை மட்டும் வேறு வாளிக்கு வடித்து, ஒரு ராத்திரி படியவிட்டு, தெளிந்த நீரை இறுத்தால் வெண்ணெய் மாதிரி வண்டல் நிற்கும். இதையே மூன்று முறை. அப்புறம் நிழலில் உலர்த்தி, அம்மியில் மாவாக அரைத்து, துணியில் சலித்து வைத்துக்கொள்ளலாம். கீழமாசி வீதி நாட்டு மருந்துக் கடையில் கருவேலம் பிசின் கிடைக்கும். வெந்நீரில் ஊறவைத்துக் கரைத்து, அதில் இந்த மாவைக் குழைத்தால் வண்ணம் தயார். பூஞ்சை பிடிக்காமல் இருக்க நாலு கிராம்பு. செம்மண்ணும் காவிக்கல்லும் இரும்புத் துருவின் நிறம் என்பதால் வெயிலில் வெளுக்காது. மஞ்சள்தூளைத் தொடாதீர்கள், ஆறு மாதத்தில் காணாமல் போகும்.

முதலில் ஒரு பிளக்ஸின் பின்பக்கத்தில் வரைந்து பார்த்தேன். தூக்கிப் போட்ட பொருள் பயன்படட்டுமே என்ற நினைப்பு. அது பிவிசி, வண்ணம் தோலாக உரிந்து வந்தது. கடைசியில் பழைய பேனர் கடை வழிக்கே திரும்பினேன். விளக்குத்தூண் பக்கம் வாங்கிய காடாத் துணியைப் பிளைவுட்டில் ஒட்டி, வஜ்ஜிரத்தில் சாக் பவுடர் கலந்து நாலு பூச்சு. துணியை மட்டும் சட்டத்தில் கட்டினால் இந்தப் பூச்சு வெடிக்கும், அடியில் பலகை வேண்டும். மண் வண்ணத்தையும் மெல்லிசாகத்தான் ஏற்ற வேண்டும். கனமாகப் பூசினால் சுருங்கி வெடிக்கும்.

முதல் பூச்சைக் கொண்டுபோய்த் தாத்தாவிடம் காட்டினேன். முகத்தைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. தோள்பட்டையில் இருந்த நிறத்தை விரலால் தொட்டார்.

"இது உள்வாய் மண்ணு இல்லையே. கரையில எடுத்தியா?"

கரையில்தான் எடுத்திருந்தேன். உள்வாய், அதாவது கண்மாயின் உட்பகுதியில் இருக்கும் கரம்பை வண்டல் கறுப்பாக, ஈரத்தில் நீலம் தட்டும். இது சரளை கலந்த வெளிறல் என்றார். "வா, காட்டுறேன்" என்று இறங்கினார். நெடுநேரம் நடந்தோம். எங்கே தோண்டினாலும் மஞ்சள் சரளை. விவசாயிகளும் மண்பாண்டம் செய்பவர்களும் வண்டல் எடுத்துக்கொள்ள அரசு அனுமதி தருகிறது. அது கண்மாய்க்கும் நல்லது, ஆழம் கூடும். ஆனால் அங்கே எடுத்தவர்கள் வண்டலோடு நிற்கவில்லை. ஆளுயரத்துக்கும் கீழே பறித்திருந்தார்கள். "இந்தக் குழியில தண்ணி நிக்கும், மடைக்கு வராது" என்றார் தாத்தா. மடையின் வாய் மேலே இருக்கிறது, குழி அதற்குக் கீழே. கண்மாய் பார்க்க நிறைந்திருக்கும், வயலுக்குப் பாயாது. அதோடு, தண்ணீரைக் கீழே இறங்கவிடாமல் பிடித்து நிற்பது அந்தக் கறுப்புக் கரம்பைதான். அதைச் சுரண்டிவிட்டால் இருப்பதும் கீழே போகும்.

கரம்பை கிடைத்தது தெற்கு மூலையில், ஒரு மருத மரத்தடியில். இரண்டு கை அள்ளிக்கொண்டேன். ஒரு நிறத்தைத் தேடிப் போய்த்தான் அந்தக் கண்மாய்க்கு என்ன ஆயிற்று என்று எனக்குத் தெரிந்தது. கண்மாயைப் பற்றி நான் படித்த எதிலும் இது இல்லை.

இன்னொன்றையும் அப்போதுதான் உணர்ந்தேன். அதுவரை நான் அக்ரிலிக்கில் வரைந்து, பிரஷ் கழுவிய தண்ணீரை வாசல் சாக்கடையில் ஊற்றிக்கொண்டிருந்தேன். அக்ரிலிக் என்பது பிளாஸ்டிக். கண்மாயைக் காப்பாற்றப் படம் வரைந்துகொண்டு, அதிலேயே பிளாஸ்டிக்கைக் கரைத்து விட்டுக்கொண்டிருந்தேன். இப்போதும் சில வேலைக்கு அக்ரிலிக் தேவைப்படுகிறது. பிரஷை முதலில் பழந்துணியில் நன்றாகத் துடைத்துவிடுவேன். கழுவிய தண்ணீரை ஒரு வாளியில் சேர்த்து, படியவிட்டு, அடியில் தங்கியதை உலர்த்தித் துணியோடு சேர்த்து உலர் குப்பையில் போடுகிறேன். எண்ணெய் வண்ணக்காரர்கள் டர்பென்டைனை ஒருபோதும் சாக்கடையில் ஊற்றாதீர்கள். மூடி வைத்தால் மறுநாள் தெளியும், திரும்பப் பயன்படுத்தலாம்.

படத்தோடு அதில் இருப்பவரின் பெயரை எழுதும் வழக்கம் எனக்கு வந்தது வங்க ஓவியர் சித்தப்பிரசாத்தின் ஓவியங்களைப் பார்த்த பிறகு. 1943 வங்கப் பஞ்சத்தில் மேதினிப்பூர் கிராமங்களில் நடந்தே போய், பட்டினியில் கிடந்தவர்களை மையில் வரைந்தவர். படத்தோடு அவர்கள் யார், எந்த ஊர் என்றும் எழுதினார். பஞ்சம் என்ற பெரிய சொல் அங்கே ஒவ்வொரு மனிதராகப் பிரிந்து நிற்கிறது. மீனாட்சியம்மன் கோயிலுக்கு எதிரே நம் புதுமண்டபத்தில் போய்ப் பாருங்கள், நாயக்க மன்னர்கள் தூண்களில் கைகூப்பி நிற்கிறார்கள், திருமலை நாயக்கரும் அவர்களில் ஒருவர். கல்லை வெட்டியவர் முகம் ஒன்று கூட என் கண்ணில் படவில்லை. வண்டியூர்த் தெப்பக்குளத்தில் வெட்டிய மண்ணில்தான் மகாலுக்குச் செங்கல் அறுத்தார்கள் என்று ஊரில் சொல்வார்கள். வெட்டியவர்களின் முகமும் இல்லை. கீழடிக்குப் பக்கத்துக் கொந்தகையில் முதுமக்கள் தாழிகளில் கிடைத்த மண்டையோடுகளை வைத்து மதுரை காமராசர் பல்கலைக்கழகமும் இங்கிலாந்தின் லிவர்பூல் ஜான் மூர்ஸ் பல்கலைக்கழகமும் சேர்ந்து இரண்டு ஆண்களின் முகங்களை 2025-இல் வடித்துக் காட்டியபோது, ஊரே அதைப் பார்த்து "எங்க மாமா மாதிரி இருக்கே" என்று பேசியது. பானை ஓட்டைப் பார்த்து யாரும் அப்படிப் பேசவில்லை.

பணத்தைப் பற்றியும் பேசிவிடுகிறேன், பலர் இதைச் சொல்வதில்லை. உட்காரும் நேரம் அவர்களுக்கு வேலை நேரம். ஒரு நாள் கூலியைக் கையில் கொடுத்துவிடுங்கள், அன்பளிப்பு என்று சொல்லாதீர்கள். படம் விற்றால் பாதி அவர்களுக்கு என்று நான் வைத்திருக்கிறேன். விற்காவிட்டாலும் ஒரு நல்ல பிரதி அவர்கள் வீட்டுக்குப் போக வேண்டும். பெயர் போடலாமா, எங்கெல்லாம் காட்டலாம் என்பதை முதலிலேயே கேளுங்கள். வேண்டாம் என்று பின்னால் சொன்னாலும் எடுத்துவிடுங்கள். இருவர் அப்படிச் சொன்னார்கள், எடுத்துவிட்டேன்.

தாத்தா படத்தை முதலில் அவர் ஊர் மந்தையில், ஊர் கூடும் பொது இடத்தில்தான் வைத்தோம். இது என் பிடிவாதம். யார் முகமோ அவர் ஊரில் முதலில், நகரத்துக் கூடத்தில் அப்புறம். சாயங்காலம் ஊர் கூடியது. எல்லாம் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. ஒரு பெரியவர், மரியாதை செய்வதாக நினைத்து, மல்லிகை மாலை ஒன்றைக் கொண்டுவந்து படத்துக்குப் போட்டுவிட்டார்.

மந்தை அப்படியே அடங்கிப்போனது. தாத்தாவின் மகள் "ஐயோ அப்பா" என்று வாயைப் பொத்திக்கொண்டார். மாலை போட்ட படம் என்றால் நம் வீடுகளில் என்ன அர்த்தம் என்று அந்தப் பெரியவருக்கும் அப்போதுதான் உறைத்தது. நான் எழுந்து என்ன சொல்வதென்று தெரியாமல் நின்றேன். மூன்று வருஷத்துக்கு முன் அக்கா பயந்தது இதற்குத்தான்.

தாத்தா மெல்ல எழுந்து வந்தார். மாலையைப் படத்திலிருந்து கழற்றி மோந்து பார்த்தார். "நல்ல மல்லி. இதுக்குச் சொந்தக்காரன் அங்கிட்டு இருக்கான்" என்று சொல்லிவிட்டு, மாலையோடு கண்மாய்க் கரை ஏறினார். மடைக்குப் பக்கத்தில் மடைக்கருப்பு நிற்கிறது, ஒரு நடுகல்தான். அதற்குச் சாத்தினார். பின்னாலேயே பத்து இருபது பேர் போய்விட்டார்கள், அதில் பாதி இளவட்டங்கள். போனவர்களிடம் கையை நீட்டி, எங்கே குழி, எங்கே கரம்பை மிச்சம் இருக்கிறது, மடை மட்டம் எது என்று இருட்டும் வரைக்கும் சொல்லிக்கொண்டிருந்தார். மந்தையில் படமும் நானும் மட்டும் இருந்தோம். அடுத்த கோடையில் வண்டல் எடுக்க வந்த வண்டிகளோடு அந்தப் பையன்கள் இரண்டு பேர் மாற்றி மாற்றி நின்றார்கள் என்று மகள் போனில் சொன்னார்.

படம் இப்போது அவர் வீட்டில் இருக்கிறது. மூத்தோர் படங்கள் இருக்கும் சுவரில் மாட்டவில்லை. மகள் அதை நெல்மூட்டை அடுக்கும் அறையில், வாசலைப் பார்த்த மாதிரி மாட்டியிருக்கிறார். போன புரட்டாசியில் போயிருந்தேன். தாத்தா கண்ணைச் சுருக்கிப் படத்தையே பார்த்துவிட்டு, வலது காது கொஞ்சம் பெரிதாக இருக்கிறது என்றார். அளந்து பார்த்தேன். சரிதான், அரை விரற்கடை பெரிது. மருத மரத்தடிக் கரம்பையில் இன்னும் ஒரு பிடி டப்பாவில் இருக்கிறது. தண்ணீர் திறந்துவிட்ட பிறகு போய்ச் சரிசெய்ய வேண்டும்.